நிஜக் குழந்தைக்கு ஓர் இடம்

கிடங்கு முற்றத்தில் லாரி ரிவர்ஸ் வந்தபோது குண்டூசி தரையில் குந்தி, சிந்திக் கிடந்த கோதுமையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிளீனர் கத்தினான். டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றான். லாரி நின்றது. பின் சக்கரத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு மூட்டையை வைக்கலாம்; இரண்டாவது மூட்டைக்கு இடமில்லை. லோடுமேன்கள் தூரத்தை அப்படித்தான் அளப்பார்கள்.

குண்டூசிக்கு மூன்று வயது. அந்தப் பெயரை வைத்தவர் பீரங்கி அண்ணன், கிடங்கின் மூத்த லோடுமேன். அவருக்குப் பீரங்கி என்ற பெயர் தொண்டையால் வந்தது. பிள்ளைக்கு முறையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள்.

அவளுடைய அப்பன் முதுகில் மூட்டையோடு அப்படியே நின்றான். இறக்கி வைக்கவும் தோன்றவில்லை, ஓடவும் தோன்றவில்லை. பீரங்கி அண்ணன்தான் பிள்ளையைத் தூக்கி வந்து அவன் முன்னால் நிறுத்தினார்.

சூப்பர்வைசர் ஆபீசிலிருந்து ஓடி வந்தார்.

"நசுங்கியிருந்தா நீ அழுதுட்டுப் போயிடுவ. மேல பதில் சொல்றது யாரு, நான்தானே? இது என்ன கிடங்கா, பார்க்கா? அடுத்த திங்கக்கிழமையிலேர்ந்து இந்தக் கேட்டுக்குள்ள பாப்பாவப் பாத்தேன், அவளோட சேந்து நீயும் வெளியதான் நிக்கணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் லோடுமேனை அதிகம் குடைந்தது. அன்று அவன் முதுகிலிருந்து இரண்டு மூட்டைகள் வழுக்கி விழுந்தன.

அவன் மனைவிக்கு சலவை ஆலையில் வேலை. ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெந்நீர்த் தொட்டியிலிருந்து இழுத்துப் பிழிந்து, ஆவி உருளையில் கொடுக்க வேண்டும். அங்கே பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. இத்தனை நாள் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி வேறு ஊருக்குக் குடி போன பிறகுதான் குண்டூசி கிடங்குக்கு வர ஆரம்பித்தாள். இருவரும் காலை ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டினால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள்.

"இடம் பாருங்க" என்றாள் மனைவி.

"எந்த மாதிரி இடம்?"

"லாரி வராத இடம். வேற என்ன மாதிரி?"

அவன் பார்த்தான். முதலில் போன மழலையர் பள்ளியில் ஆளுக்கொரு செல்போனோடு நாலு பெண்கள் பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை சிரித்தால் ஒரு படம், பந்தைத் தொட்டால் ஒரு படம், உடனே பெற்றவர்களுக்குப் போய்விடும். ஒரு பையன் சறுக்குமரத்தின் உச்சியில் சட்டை மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தான். "அந்தப் பையன் தொங்குறானே" என்றான் லோடுமேன். "ஆமாங்க, வெளிச்சம் நல்லா விழுது" என்றபடி ஒருத்தி அவனையும் படம் எடுத்தாள். அடுத்த பள்ளியில் ஒரு டை கட்டிய ஆள், பிள்ளை எந்த விரலைச் சப்புகிறாள் என்று கேட்டான். கட்டை விரல் என்றதும் முகம் வாடி, "நிர்வாகத்துல மேல வர்றது கஷ்டம்" என்றான்.

மூன்றாவதுதான் பச்சைக் கேட்.

கிடங்குக்கும் சலவை ஆலைக்கும் நடுவில் இருந்தது. அதற்கு ஏதோ நீளமான பெயர் உண்டு; அக்கம்பக்கத்தில் பச்சைக் கேட் என்றால்தான் தெரியும். ஒன்றரை ஆள் உயர மதில். உள்ளே மரநிழல். குவியலாக ஆற்று மணல். தெருவிலிருந்து ஒரு சைக்கிள்கூட உள்ளே நுழைய முடியாது. லோடுமேன் மதிலைக் கையால் தட்டிப் பார்த்தான். அவனைப் பொறுத்தவரை தேர்வு முடிந்துவிட்டது. அவர்களைப் பொறுத்தவரை இன்னும் தொடங்கவே இல்லை.

புதன்கிழமை அறிமுகக் கூட்டம். வாசலில் ஒரு பெண் கூடையை நீட்டினாள். எல்லோரும் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதில் போட்டார்கள். லோடுமேனிடம் கடிகாரம் இல்லை. வெறும் கையைக் கூடைக்குள் விட்டு எடுத்தான், மரியாதைக்கு.

"இனி முட்டி போட்டு வாங்க" என்றாள் அந்தப் பெண்.

"எதுக்குங்க?"

"உள்ள யாரும் குழந்தையைவிட உயரமா இருக்கக் கூடாது. உயரம்ங்கிறது ஒரு வன்முறை."

நல்ல துணி உடுத்திய அப்பாக்களும் அம்மாக்களும் முட்டி போட்டு வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் வயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். லோடுமேனுக்கு இரண்டு முட்டியும் மூட்டை தூக்கித் தேய்ந்தவை. பல்லைக் கடித்துக்கொண்டு அவனும் நகர்ந்தான். குண்டூசிக்கு மட்டும் கொண்டாட்டம். வாழ்க்கையில் முதல் முறையாக அப்பனின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"அப்பா, உனக்கு இங்க முடி இல்ல."

"பேசாம வா."

பள்ளியில் வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க முட்டி போட முடியாதாம். ஆகவே அவர்களுக்குச் சக்கரம் வைத்த குட்டை முக்காலிகள் கொடுக்கப்பட்டிருந்தன. அதில் உட்கார்ந்து காலால் உந்திக்கொண்டு போனார்கள், வந்தார்கள். இயக்குநர் அம்மாளும் அப்படியே உருண்டு வந்து கூட்டத்தின் நடுவே நின்றார். நரைத்த தலை, காதில் மரக் கம்மல், குரலில் தேன்.

"எல்லாருக்கும் முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இது ஸ்கூல் இல்ல. அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசும். இது ஒரு வெளி. இங்க டீச்சர் கிடையாது, உடனிருப்பவர்கள். பாடம் கிடையாது. நாங்க எதையும் சொல்லித் தர்றதில்ல. பதினெட்டு வருஷமா எதையுமே சொல்லித் தரல. இந்த ஊர்ல வேற யாராவது நெஞ்சத் தொட்டு அப்படிச் சொல்லட்டும், பாப்போம்!"

முட்டி போட்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். தட்டியதில் நிலை தவறி ஒருவர் குப்புற விழுந்தார்.

லோடுமேன் கையைத் தூக்கினான். "மேடம், எத்தன மணி வரைக்கும் புள்ளைய வச்சிருப்பீங்க?"

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். "நேரம்ங்கிறது பெரியவங்களுக்கு வந்த வியாதி. எந்தக் குழந்தையும் கடிகாரத்தோட பொறக்கல."

"இவ பொறந்தப்பவும் இல்லீங்க. ஆனா எங்க சூப்பர்வைசர்கிட்ட ஒண்ணு இருக்கு."

"அழகா சொன்னீங்க" என்று பக்கத்திலிருந்த அம்மாள் அதைக் குறித்துக்கொண்டாள். கேள்வி அங்கேயே செத்துப்போனது.

கூட்டம் முடிந்து பிள்ளைகளை மணலில் விட்டார்கள். உடனிருப்பவர்கள் சுற்றி உருண்டு கவனித்தார்கள். ஒரு பையன் மணலைத் தின்றான். "மண்ணோட பேசுறான்" என்றார்கள். ஒரு சின்னவள் கதறி அழுதாள். "வெளிப்பாடு, வெளிப்பாடு" என்று தலையாட்டினார்கள், யாரும் தூக்கவில்லை. முழுக் காட்சியையும் பார்க்க இயக்குநர் முக்காலியைப் பின்னுக்கு உந்தினார். அவருக்குப் பின்னால் இரண்டு அலமாரிகள்.

குண்டூசியின் காதில் சக்கரச் சத்தம் விழுந்தது. அவள் எழுந்து போய் முக்காலிக்குப் பக்கவாட்டில் நின்று, இயக்குநரின் முதுகில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

"வரலாம் வரலாம் வரலாம்! லெஃப்ட் ஒடி! லெஃப்ட் ஒடின்னா ரைட்ல போற? கண்ணு எங்க இருக்கு? ம்ம், வரலாம் வரலாம். ஹோல்டான்!"

இயக்குநர் திகைத்து, சொன்னபடியே ஒடித்து, சொன்ன இடத்தில் நின்றார். இரண்டு அலமாரிகளுக்கும் நடுவே கச்சிதமாகச் செருகப்பட்டிருந்தார். குண்டூசி இன்னும் இரண்டு தட்டுத் தட்டி, "இறக்கு" என்று சொல்லிவிட்டு, சரக்கு எங்கே என்று அவரைச் சுற்றி வந்து பார்த்தாள்.

லோடுமேனுக்கு உயிர் போய்விட்டது. போச்சு, மதிலும் போச்சு, நிழலும் போச்சு என்று நினைத்துக்கொண்டான்.

இயக்குநரின் கண்ணில் நீர் திரண்டிருந்தது. "பதினெட்டு வருஷத்துல," என்றார், "என்னை யாரும் நிறுத்தினதில்ல."

"இட உணர்வு" என்றார் ஓர் உடனிருப்பவர். "தயக்கமில்லாத தலைமை" என்றாள் இன்னொருத்தி.

"குழந்தை இத எங்க கத்துக்கிட்டா?"

"கிடங்குலங்க. நான் லோடுமேன்."

இயக்குநர் உருண்டு வந்து அவன் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, எல்லோருக்கும் காட்டினார். "பாருங்க, காய்ப்பு. நிஜமான காய்ப்பு!" முட்டிகள் நாலா பக்கமிருந்தும் நகர்ந்து வந்தன. வயிற்றைத் தூக்கிப் பிடித்திருந்தவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "சார், தொட்டுப் பாக்கலாங்களா?"

தொட்டுப் பார்த்தார்கள்.

"எங்க குழந்தைங்க நல்ல குழந்தைங்கதான்," என்று இயக்குநர் தனியே அழைத்துப் போய் விளக்கினார். "ஆனா கொஞ்சம் பாலிஷ் போட்டது. பக்கத்துல ஒரு நிஜக் குழந்தை உக்காந்தா நிஜம் ஒட்டிக்கும். அதனால வருஷத்துக்கு ஒரு நிஜக் குழந்தைக்கு இலவசமா இடம் வச்சிருக்கோம். போன வருஷம் ஒரு வெல்டர் பையன் வந்தான். என்ன சொல்றது, ரெண்டே மாசத்துல சுத்தமாயிட்டான். நகம் வெட்டிக்கிட்டு வர ஆரம்பிச்சிட்டான். எங்களுக்கெல்லாம் ரொம்ப ஏமாற்றம். அனுப்ப வேண்டியதாப் போச்சு. உங்க பொண்ண அதிகம் கழுவாம பாத்துக்குங்க."

"சரிங்க மேடம். மணி மட்டும்..."

"வெள்ளிக்கிழமை உழைப்பு நேரம். நீங்களும் வரணும். வந்து எங்க குழந்தைங்களுக்கு உழைச்சுக் காட்டணும்."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அழுக்கா அனுப்பணுமா? ஊர் அழுக்க எல்லாம் துவைச்சு வெளுக்கிறவ நான். எம் பொண்ணு அழுக்கா போகணுமா?"

"கொஞ்சமா இருந்தாப் போதும்னாங்க."

"எந்தக் கடையில விக்குதாம், கொஞ்சமா அழுக்கு? எத்தன மணி வரைக்கும் வச்சிருப்பாங்களாம்? அதக் கேட்டீங்களா, அதயும் முட்டி போட்டுக்கிட்டு மறந்துட்டீங்களா?"

"கேட்டேன். வியாதிங்கறாங்க."

வெள்ளிக்கிழமை அவள் பிள்ளையை வழக்கத்தைவிட அதிகமாகவே தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பினாள். லோடுமேன் பச்சைக் கேட்டுக்கு வெளியே நின்று, தோள் துண்டில் இருந்த கோணிப் புழுதியைக் கொஞ்சம் தட்டிப் பிள்ளையின் கவுனில் தடவினான். அரைநாள் லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் பேசியது இன்னும் காதில் எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு குட்டி மூட்டை. நல்ல சணல் துணியில், ஓரம் மடித்துத் தைத்து, பூ வேலை செய்த மூட்டை. உள்ளே கழுவிக் காயவைத்த மணல். தலைக்கு வைக்க மெத்தென்று பஞ்சுச் சும்மாடு.

"இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்குத் தூக்கிட்டுப் போவாங்க" என்றார் இயக்குநர். "அப்புறம் அங்கேர்ந்து இங்க."

"அங்க போனத எதுக்குங்க திரும்ப இங்க கொண்டாரணும்?"

"எங்க போகுதுங்கிறதா முக்கியம்? தூக்குறதுதான் முக்கியம். பாரம் மனச லேசாக்கும். நான் ஒரு நாளும் தூக்கினதில்ல, ஆனா பக்கத்துல நின்னு பாத்தாலே உணர முடியுது."

லோடுமேனுக்கென்று பெரிய மூட்டை ஒன்று வைத்திருந்தார்கள். அவன் குனிந்து, முதுகைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினான். உடனே ஒரு இளைஞன் முக்காலியில் விரைந்து வந்தான். உடல் அசைவு ஆலோசகர் என்றார்கள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. தூக்கும்போது முகத்தச் சுளிக்கிறீங்க."

"கனமா இருக்குங்க."

"இருக்கலாம். ஆனா குழந்தைங்க பாக்கறாங்கல்ல? உழைப்புன்னா கஷ்டம்னு தப்பான செய்தி போயிடும். சிரிச்சிக்கிட்டே தூக்குங்க. அந்த 'ஹம்மா'ன்னு ஒரு சத்தம் விட்டீங்களே, அதுவும் வேண்டாம். வேணும்னா முணுமுணுன்னு பாடுங்க."

லோடுமேன் சிரித்துக்கொண்டே தூக்கினான். சிரித்தால் மூச்சு நிற்காது. மூச்சு நிற்காவிட்டால் இடுப்பு பாரம் தாங்காது. பல் தெரிய அந்த மூலைக்குப் போனான், பல் தெரியத் திரும்பி வந்தான். பெற்றவர்கள் படம் எடுத்தார்கள்.

பிள்ளைகள் உற்சாகமாகத் தூக்கத் தொடங்கினார்கள். குண்டூசி தூக்கவில்லை. தன் மூட்டையைக் கீழே தள்ளி, அதன்மேல் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"தூக்கும்மா" என்றார் உடனிருப்பவர்.

"டீ வரட்டும்."

"என்னம்மா?"

"டீ வந்தாத்தான் தூக்குவோம்."

பக்கத்தில் இருந்த பையன் யோசித்தான். அவனும் தன் மூட்டையின்மேல் உட்கார்ந்தான். பிறகு இன்னொருத்தி. வரிசை முழுக்க உட்கார்ந்துவிட்டது. "டீ! டீ!" என்று கூச்சல். ஆலோசகர் பாடச் சொன்னார். டீ என்றே பாடினார்கள். உழைப்பு நேரம் அத்தோடு முடிந்தது. இயக்குநர் அன்றைய குறிப்பில், 'தேவையை அடையாளம் காணுதல்' என்று எழுதச் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை, இடம் உறுதி என்று சொல்லி அனுப்பினார்கள். மனைவியும் கூடப் போனாள். ஆவி உருளைப் பக்கம் நாள் முழுக்க நின்றவள், வாசலில் முட்டி போடச் சொன்னதும், "இனிமே உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்" என்று நின்றபடியே உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை, அவள் கை முழங்கை வரை வெந்து சிவந்திருந்ததைப் பார்த்து, இன்னொரு நிஜம் என்று விட்டுவிட்டார்கள்.

"கதவ எத்தன மணிக்குத் திறப்பீங்க, எத்தன மணிக்குப் பூட்டுவீங்க?" என்றாள்.

இயக்குநர் கண்ணை மூடினார். இவள் காத்திருந்தாள். கண்ணைத் திறந்தபோதும் அங்கேயே நின்றாள்.

"காலைல பத்துலேர்ந்து பதினொன்றரை" என்றார் இயக்குநர் கடைசியில். "வாரத்துல மூணு நாள். அதுக்கு மேல போனா குழந்தை மனசு நிரம்பி வழிஞ்சிடும். கூட அப்பாவோ அம்மாவோ இருக்கணும், முட்டி போட்டு."

லோடுமேன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"மீதி நேரம்?" என்றாள்.

"மீதி நேரம் வாழ்க்கை! அதவிடப் பெரிய வெளி எது? நீங்க கொடுத்து வச்சவங்க. நாங்க இங்க செயற்கையா உண்டாக்கப் பாடுபடறது எல்லாம் உங்ககிட்ட நிஜமாவே இருக்கு. மூட்டை, வேர்வை, புழுதி. நான் உங்க இடத்துல இருந்தா குழந்தைய நாள் முழுக்கக் கிடங்குலதான் விடுவேன்."

"கிடங்குல லாரி வருது மேடம். போன திங்கக்கிழம சக்கரத்துல மாட்டியிருப்பா" என்றான் லோடுமேன்.

"ஆபத்துங்கிறது குழந்தையோட உரிமை." குரல் உயர்ந்தது. "அதப் பறிக்க நாம யாரு? அதான் முடிவு பண்ணிட்டேன். வர்ற திங்கக்கிழமை எங்க குழந்தைங்க எல்லாரையும் உங்க கிடங்குக்கே கூட்டிட்டு வர்றோம். உங்க முதலாளியோட பேத்தி நம்ம வெளியிலதானே இருக்கா. அவர் உடனே சரின்னுட்டார். சுத்தி வேலி போட்டு, லாரியெல்லாம் பின் கேட்டு வழியா விடச் சொல்லியிருக்கேன்."

மனைவி வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு பேசினாள். "நம்ம புள்ளைக்கு ஆபத்து உரிமை. அதுங்களுக்கு வேலி. கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"நானும் கேட்டேன். காது கொதிக்குது."

திங்கட்கிழமை காலை லோடுமேன்கள் வந்த உடனே அவர்களுக்குக் கிடைத்த வேலை வேலி. முற்றத்தின் நிழல் பக்கம் மூட்டைகளை இரண்டு வரிசை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். வெளியே இரும்புக் கம்பி. மேலே பச்சை வலை. தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினார்கள். பிறகு இயக்குநர் கேட்டார் என்று கொஞ்சம் புழுதியை மறுபடி தூவினார்கள். லாரிகள் பின் கேட்டில் நின்று ஹாரன் அடித்தன.

"மூணு வருஷமா ஒரு தார்ப்பாய் கேட்டுக்கிட்டிருக்கோம், வெயிலுக்கு" என்றார் பீரங்கி அண்ணன். மெதுவாகத்தான் சொன்னார், ஆபீசில் இருந்த சூப்பர்வைசர் ஜன்னலைச் சாத்தினார்.

பிள்ளைகள் வந்தார்கள். குண்டூசியும் மற்றவர்களோடு வேலிக்குள் போனாள். கேட்டில் சூப்பர்வைசர் அவளைப் பார்த்தார். அவள் பச்சைக் கேட் பிள்ளை. ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேரம் எல்லாம் பிரமாதமாக நடந்தது. பெற்றவர்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். சூப்பர்வைசர் முட்டி போட்டு விசில் ஊதினார். முதலாளி வந்து பேத்தி மூட்டை தூக்குவதைப் பார்த்து, தன் தாத்தாவும் இப்படித்தான் ஆரம்பித்தார் என்றார். தாத்தா கிடங்கை விலைக்கு வாங்கியவர் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போது குண்டூசி முதலாளியின் பேத்தியிடம் போனாள்.

"இதத் தூக்காத" என்றாள்.

"ஏன்?"

"முதுகு வலிக்கும். எங்கப்பாக்கு வலிச்சா அம்மா ஏறி மிதிப்பாங்க. அப்பா அழுவாரு."

பேத்தி மூட்டையைப் பொத்தென்று போட்டுவிட்டுத் தாத்தாவைப் பார்த்தாள். "தாத்தா, அந்த அங்கிள் அழுவாராமே?"

முதலாளி லோடுமேனைப் பார்த்தார். லோடுமேன் தரையைப் பார்த்தான். ஆலோசகர் அவசரமாகச் சிரிக்கச் சொல்லி எல்லோருக்கும் சைகை காட்டினார்.

பிள்ளைகள் வேனில் ஏறிப் போன பிறகு சூப்பர்வைசர் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார்.

"ஸ்கூல் முடிஞ்சிடுச்சுல்ல? உன் பொண்ண வெளிய அனுப்பு."

"அந்த வேலிக்குள்ளயே இருந்துக்கட்டும் சார். லாரிதான் வராதே."

"மொதலாளி பேத்திக்குப் போட்ட வேலிய்யா அது. உன் பொண்ணுக்கா போட்டோம்?"

லோடுமேன் மனைவிக்குச் சொல்லி அனுப்பினான். அவள் ஈரக் கையோடு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். சலவை ஆலையில் இன்னொரு தடவை இப்படி நடுவில் போனால் திரும்ப வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதை அவள் அவனிடம் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனை பயமுறுத்தியது.

மறுநாள் காலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் கிடங்கு கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே போனால் பிள்ளைக்கு இடமில்லை. போகாவிட்டால் வேலை இல்லை. பீரங்கி அண்ணன் கேட்டருகே வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்போது பச்சைக் கேட்டின் வேன் வந்து நின்றது. இயக்குநர் இறங்கினார். தெருவில் அவர் நேராக நடப்பதை லோடுமேன் அப்போதுதான் பார்த்தான்; நல்ல உயரம்.

"பெத்தவங்க எல்லாம் ஒரே பிடி" என்றார். "தினமும் இங்கதான் வேணுமாம். அந்தக் கட்டடத்துல நிஜம் இல்லையாம். மொத்த வெளியையும் கிடங்குக்கே மாத்தறோம். முதலாளிகிட்ட பேசியாச்சு."

"நல்லதுங்க. அப்ப எம் பொண்ணும் அந்த வேலிக்குள்ள..."

"அதத்தான் பேச வந்தேன்." அவர் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். "அவளுக்கு இது புதுசு இல்லையே. புதுசு இல்லாததுல வளர்ச்சி இல்ல. அதோட மத்த குழந்தைங்களுக்குத் தூக்குற ஆர்வம் போயிடுது, அவ பேசறதக் கேட்டு. அவளுக்கு வேண்டியது எதிர் அனுபவம். அமைதி, நிழல், மணல். வெறுமை. எங்க கட்டடம் இப்ப சும்மாதான் இருக்கு. அவ அங்கயே இருக்கட்டும்."

லோடுமேன் பிள்ளையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டான். "அங்க யாருங்க இருப்பாங்க?"

"யாரும் இருக்க மாட்டாங்க. அதான் வெறுமை. பெருக்கித் துடைக்கிற அம்மா மட்டும் காலைல ஆறரைக்கு வந்து, சாயங்காலம் ஆறரைக்குப் பூட்டிட்டுப் போவாங்க. அவங்க உடனிருப்பவர் இல்ல, பயிற்சி கிடையாது. சும்மா இருப்பாங்க. பரவாயில்லையா?"

அந்தப் பள்ளியில் கேட்காமலே அவனுக்குக் கிடைத்த முதல் மணி அதுதான்.

"கஷ்டம்தாங்க" என்றான், முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொண்டு. "என்ன பண்றது, பழகிக்கிறோம்."

பெருக்குகிற அம்மாள் குண்டூசியை ஒரு தடவை பார்த்தாள். மூக்கைத் துடைத்துவிட்டாள். "ஒண்ணுக்கு வந்தா சொல்லணும், சரியா?" என்றாள். அவள் உயரத்தைப் பற்றிக் குண்டூசி புகார் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பாடு கொடுத்தாள், பாயை விரித்துத் தூங்கப் போட்டாள், மணலைத் தின்றபோது கையில் ஒரு அடி வைத்தாள். அடுத்த வாரம் சலவை ஆலையிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்தன. அதற்கடுத்து டிரைவர் பிள்ளைகள், இரட்டையர். பெற்றவர்கள் அந்த அம்மாளுக்கு மாதா மாதம் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பதாகப் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் இயக்குநர் வந்து பார்த்து, வெறுமை நிரம்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கிடங்கில் கூட்டம் அதிகமாகிவிட்டது. வேலிக்குள் இடம் கேட்டு ஊரின் பெரிய மனிதர்கள் கேட்டுக்கு வெளியே முட்டி போட்டு நின்றார்கள். சூப்பர்வைசருக்கு ஒரு சக்கர முக்காலி கொடுத்திருந்தார்கள். அவர் அதில் உருண்டு வந்து பெயர் எழுதிக்கொண்டார்.

ஒரு நாள் லோடுமேன் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, வேலியோரம் நின்ற ஓர் அம்மாள் அவனைக் கூப்பிட்டாள். முதல் கூட்டத்தில் அவன் பேச்சைக் குறித்துக்கொண்டவள்.

"உங்க பொண்ண இங்க காணோமே?"

"இல்லீங்க."

"ஐயையோ. இடம் கிடைக்கலையா?"

"கிடைக்கலைங்க."

"இங்கயே வேல பாத்தும்?" அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். "அடுத்த வருஷம் விடாம முயற்சி பண்ணுங்க. நான் வேணா மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவா?"

"வேண்டாங்க" என்று லோடுமேன் சட்டென்று சொன்னான். பிறகு குரலைத் தணித்து, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.